கலயத்தில் இட்ட பட்டை

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டித் தாம்பரத்துக்குள் நுழையுமுன் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வருகிறது. 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக நிறுவி, 1937இல் அரசாங்கத்தின் வசம் வந்த ஆரோக்கிய நிலையம் அந்த ஸ்டேஷனுக்கு விட்டுச் சென்ற பெயர் அது. ஒரேயொரு பாக்டீரியாவோடு மனிதர் நடத்திய நீண்ட போராட்டத்தின் ஞாபகமாக நிற்கும் அவ்விடத்துக்கு அருகிலேயே, 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கிவருகிறது. அங்கே வேரும் பட்டையும் பூவும் பாடப்பொருள்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் திருவான்மியூர் போய்ச் சேர்ந்தால், 1944இல் வைத்தியர்களின் கூட்டுறவாகத் தோன்றிய இம்ப்காப்ஸ் மருந்துச் சாலையைக் காணலாம். அங்கே தயாராகும் அரிஷ்டங்களையும் ஆசவங்களையும் மருந்தாக ஆக்கித் தருபவையும் நுண்ணுயிர்களே. ஓரிடத்தில் பகையென்று கருதி ஒழிக்கப்பட்ட ஓர் இனம், சில மைல்களுக்கு அப்பால் வேலையாளாக வைத்துக்கொள்ளப்படுகிறது என்ற இந்த விநோதத்தில்தான் இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம் அடங்கியிருக்கிறது. புளித்துப் பொங்கும் ஒரு பானத்தில் மரப்பட்டையையோ பூவையோ இலையையோ இடும்போது, அதிலுள்ள பாக்டீரியாக்களுக்கு நேர்வது என்ன?

“மூலிகை கிருமியைக் கொல்லும்” என்று பொதுப்படச் சொல்லிவிடுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அது முழுப் பொய்யன்று. ஆனால் கலயத்தினுள் நடப்பதை அவ்வளவு எளிதாக அடக்கிவிட முடியாது. இத்துறையில் நடந்த பரிசோதனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் அபிப்பிராயம் இதுவே: தாவரத்தின் துவர்ப்பும் காரமும் ஒரு பந்தியில் யார் முன்னே அமர்வது, யார் காத்திருப்பது, யார் வாசலோடு திரும்புவது என்பதைத் தீர்மானிக்கும் காரியஸ்தரைப் போன்றவை, அளவு மாறினால் அந்தக் காரியஸ்தரின் தயவும் மாறிவிடும்.

நம் கண்ணெதிரே உள்ள பனையிலிருந்தே தொடங்கலாம். வண்டலூருக்கு அப்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் மனைகளாகப் பிரிபடாமல் எஞ்சிய நிலங்களில் இன்னும் பனைகள் நிற்கின்றன. பனையூர் என்ற பெயரே அவற்றின் பழைய பெருக்கத்துக்குச் சாட்சி. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டியவுடன் சொட்டத் தொடங்கும் சாறு, நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் சர்க்கரை உடையது. புளிப்போ காரமோ இல்லாமல் தண்ணீரைப்போல நடுநிலையில் இருப்பது. ஆகவே காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் ஓட்டிலும் காத்திருக்கும் எந்த நுண்ணுயிருக்கும் அது திறந்த சத்திரம். 1986இல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் தென்னங்கள்ளின் இயற்கைப் புளிப்பை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, அது மூன்று கட்டங்களாக நடைபெறுவதைக் காட்டினார்கள். முதலில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிச் சாற்றைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பைச் சகிக்கவல்ல ஈஸ்ட் பின்னர் தலையெடுத்துச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. சாராயம் சேர்ந்தபின் அசெட்டிக் பாக்டீரியாக்கள் வந்து அதைக் காடியாக்குகின்றன. இவற்றோடு ஸைமோமோனாஸ் என்றொரு பாக்டீரியாவும் உண்டு. மெக்ஸிகோ நாட்டார் கற்றாழை இனச் சாற்றிலிருந்து இறக்கும் புல்கே என்னும் பானத்தில் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் 1920களில் ஆராய்ந்த இவ்வுயிர், ஈஸ்ட்டின் தயவின்றித் தானே சாராயம் காய்ச்சவல்லது. விடியற்காலையில் தித்திக்கும் சாறு, வெயில் ஏறியபின் நுரைத்து, மாலையில் மண்டையில் ஏறி, மறுநாள் ஊறுகாய்க்கு மட்டும் உதவுவதாக மாறும் கதை இதுதான்.

இதைத் தடுக்கப் பனையேறி கையாளும் உபாயம் சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைப் பூசிவிட்டால் விழும் சாறு காரத்தன்மை அடைந்து, மேற்சொன்ன கூட்டத்தார் எல்லாருக்குமே உள்ளே நுழைய வழியற்றுப்போகிறது, கள்ளாகவிருந்தது பதநீராகிறது. சுண்ணாம்பு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை; ஊரடங்கு உத்தரவைப்போல எல்லாரையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுகிறது. அதன் குறையும் அதுவே: அளவு மிஞ்சினால் நாக்கு பொத்துப்போகும், வெல்லம் காய்ச்சும்போது அதை மீண்டும் வெளியேற்றுவதற்குத் தனி வித்தை வேண்டும்.

கடலைத் தாண்டிப் போனால் முறை வேறு. இலங்கையில் தென்னஞ்சாற்றைத் தித்திப்பாகவே வைத்திருக்க விரும்புகிறவர்கள் ‘ஹல்’ என்று சிங்களத்தில் வழங்கும் மரத்தின் பட்டைத் துண்டுகளைக் கலயத்தில் இடுவார்கள். அம்மரத்தின் நெருங்கிய உறவினமான வெள்ளைக் குங்கிலிய மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதன் பட்டையையும் கேரளத்தார் இதே காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, பேராதனைப் பல்கலைக்கழகத்து ரசாயன அறிஞர்கள் 1980களில் அரிய விடை ஒன்றை அளித்தார்கள். ஹல் மரத்துப் பட்டையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த கொப்பலிஃபெரால் என்னும் வஸ்து, ரெஸ்வெரட்ரால் என்ற சிறு மூலக்கூறுகள் சில கைகோத்து உண்டானது. பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கவும் வல்லது.

இவ்விடத்தில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். ரெஸ்வெரட்ரால் என்ற பெயரைப் பத்திரிகை படிப்பவர்கள் வேறொரு சந்தர்ப்பத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள்: சிவப்புத் திராட்சை மதுவின் புகழுக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அதே பொருள் இது. திராட்சைக் கொடி, தன் இலையையும் கனியையும் பூஞ்சணம் தாக்கும்போது ரெஸ்வெரட்ராலை உண்டாக்கி, அதை இரண்டிரண்டாக இணைத்து விநிஃபெரின் என்ற ஆயுதமாக்கிக்கொள்கிறது என்பதை 1977இல் இரு ஆங்கில விஞ்ஞானிகள் எடுத்துரைத்தார்கள். இந்த விநிஃபெரின், குங்கிலிய மரங்களின் குலத்திலும் காணப்படுவது. பிரான்ஸின் போர்டோ நகரத்துத் திராட்சைத் தோட்டக்காரனும் சிங்கள நாட்டுத் தென்னை ஏறுபவனும் ஒருவரையொருவர் கனவிலும் கண்டதில்லை. ஆயினும் முன்னவனுடைய பீப்பாயில் தோலோடு இறங்குவதும், பின்னவனுடைய கலயத்தில் பட்டையோடு இறங்குவதும் ஒரே ரசாயன வம்சத்தின் இரு கிளைகள். பூஞ்சணத்தை எதிர்க்கப் பிறந்த பொருளாதலால் அது ஈஸ்ட்டையும் பிடித்து நிறுத்துவதில் வியப்பில்லை. ஆப்பிரிக்காவில் நைஜீரிய நாட்டார் பனங்கள்ளில் இடும் ஸாக்கோகுளோட்டிஸ் மரத்தின் பட்டையோ வேறு குலம். அதில் பிரதானமாக இருப்பது பெர்ஜெனின் என்ற பொருள். அப்பட்டையின் சாரம் கள்ளிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றுவதை 1970களில் அந்நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். மூன்று தேசத்தார், மூன்று மரங்கள், ஒரே யுக்தி.

திராட்சை மதுவில் இவ்விஷயம் மிகவும் நுட்பமாக ஆராயப்பட்டிருக்கிறது. ஏனென்றால் அங்கே பாக்டீரியா வேண்டியதாகவும் இருக்கிறது, வேண்டாததாகவும் இருக்கிறது. ஈஸ்ட் தன் வேலையை முடித்தபின், ஈனோகாக்கஸ் ஈனி என்று இன்று வழங்கும் பாக்டீரியா (1967இல் அதற்கு வேறு குலப்பெயர் இட்டிருந்தார்கள், 1995இல் தனிக்குலமாகப் பிரித்தார்கள்) மதுவிலுள்ள கூரிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, பச்சை மாங்காயின் கடும்புளிப்பு தயிரின் புளிப்பாகத் தணிவதைப்போல மதுவின் சுவை தணிகிறது. சிவப்பு மதுவுக்கு இது பெரும்பாலும் அவசியம். ஆனால் அதே லாக்டிக் கூட்டத்தைச் சேர்ந்த வேறு சில பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்துவிட்டால், மது காடிபோல் நாறும். சிலருக்குத் தலைவலியைத் தரும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களும் சேரும். மதுவின் வியாதிகளுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1866இல் தம் நூலில் விளக்கிய பாஸ்டர் காலத்திலிருந்து, வேண்டியவனை விட்டு வேண்டாதவனை மட்டும் வெளியேற்றுவது எப்படி என்பதே அத்தொழிலின் தீராத கவலை.

சிவப்பு மதுவில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் அதிகமான துவர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. வெள்ளை மதுவில் அதில் ஒரு சிறு பங்குதான். இத்துவர்ப்பு ஈனோகாக்கஸை என்ன செய்கிறது என்று 1990களில் போர்டோ அறிஞர்கள் சோதித்தபோது கிடைத்த விடை, அவசரக்காரர்களுக்கு ஏமாற்றமளிப்பது. காலிக் அமிலமும், மதுவுக்குச் செந்நிறம் தரும் ஆந்தோசயனினும் அப்பாக்டீரியாவின் வளர்ச்சிக்குத் துணைசெய்தன. விதையிலிருந்து வரும் பெரிய துவர்ப்பு மூலக்கூறுகளோ அதை வாட்டின. பின்னர்ப் போர்ச்சுகலிலும் மாட்ரிடிலும் நடந்த பரிசோதனைகளும் இதை விரித்தன: கூமாரிக், ஃபெரூலிக் போன்ற அமிலங்கள் அளவு ஏற ஏறத் தடைசெய்கின்றன, ஒரே பொருள் ஈனோகாக்கஸை ஒருவிதமாகவும், மதுவைக் கெடுக்கும் அதன் தாயாதியை வேறுவிதமாகவும் பாதிக்கிறது. ஆகவே “துவர்ப்பு நல்லதா, கெட்டதா?” என்று கேட்பவர்களிடம், “யாருக்கு, எவ்வளவு, எப்போது?” என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் வைத்தியர்கள் அனுபானத்தைப் பற்றிக் கேட்பதும் இந்த மூன்றைத்தானே?

இது நிகழும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நெல்லிக்காயைக் கடித்தவுடன் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் அதனால்தான். பாக்டீரியாவின் மேலுறையிலும் அதன் நொதிகளிலும் அது அவ்வாறே ஒட்டுகிறது; உயிர்வாழ்வுக்கு வேண்டிய இரும்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறிய அமிலங்களோ சவ்வினூடே உள்ளே புகுந்து, கலத்தின் உட்புறத்தைப் புளிக்கச்செய்து, பொட்டாசியத்தை வெளியே கசியவிடுகின்றன. 1884இல் கிராம் என்ற டேனிஷ் வைத்தியர் கண்ட சாய முறையின்படி பாக்டீரியாக்கள் இரு பெரும் பிரிவுகளாகப் பிரிகின்றன அல்லவா? லாக்டிக் கூட்டம் ஒரு பிரிவு; அதற்கு வெளிச்சவ்வு கிடையாது. அசெட்டிக் கூட்டமும் ஸைமோமோனாஸும் மற்றொரு பிரிவு. அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு மதில்போல நிற்கிறது. பீர் செய்பவர்கள் இடும் ஹாப் பூவின் கசப்பு இந்த வேற்றுமையைத் தெளிவாகக் காட்டுகிறது: லாக்டிக் பாக்டீரியாக்களை அது வெகுவாக அடக்கும், காடியாக்கும் அசெட்டிக் பாக்டீரியாக்களை அது சட்டைசெய்யாது.

பாக்டீரியாக்களும் சும்மா இருப்பவையல்ல. பீரில் பழகிப்போன லாக்டோபாஸிலஸ் பிரெவிஸ் வகைகள், உள்ளே வந்த ஹாப் கசப்பை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பொறியைப் பெற்றிருக்கின்றன. அதற்குரிய மரபணுவை ஜப்பானியர் 1990களில் கண்டுபிடித்தார்கள். லாக்டோபாஸிலஸ் பிளாண்டாரம் என்பதோ துவர்ப்பையே வெட்டித் துண்டாக்கும் நொதியை உடையது. நாம் காவலுக்கு நிறுத்தியவனையே அது தின்றுவிடுகிறது.

இத்தனையையும் மனத்தில் கொண்டு திருவான்மியூரின் அரிஷ்டச் சாடிக்குத் திரும்பினால், அதன் செய்முறை முன்னிலும் அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது. சாரங்கதர சம்ஹிதை, காய்ச்சிய கஷாயத்தில் புளிக்கவைப்பதை அரிஷ்டமென்றும், காய்ச்சாமல் புளிக்கவைப்பதை ஆசவமென்றும் பிரிக்கிறது. திராட்சாரிஷ்டத்தை எடுத்துக்கொள்வோம், உண்மையில் அது உலர்ந்த திராட்சையின் கஷாயத்தில் வெல்லம் கரைத்துச் செய்த ஒருவகைத் திராட்சை மதுவே. அதில் ஏலம், இலவங்கப்பட்டை, இலவங்கப்பத்திரி, மிளகு, திப்பிலி, வாய்விளங்கம் ஆகியவற்றின் தூள் சேர்கிறது; பல செய்முறைகளில் தாதகிப்பூவும் சேர்கிறது. நெய் தடவிப் புகைபோட்ட சாடியில் எல்லாவற்றையும் இட்டு, வாயைச் சீலைமண் பூசி அடைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருப்பார்கள். முடிவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சாராயம் தானாக விளைந்திருக்கும்.

காய்ச்சுதல் முதலில் வந்த கூட்டத்தை விரட்டுகிறது. கெட்டியான வெல்லக்கரைசல், இனிப்பைத் தாங்காதவற்றை விலக்குகிறது. பட்டையின் சின்னமால்டிஹைடும் பத்திரியிலுள்ள யூஜெனாலும் சவ்வைத் தாக்குபவை. தூளின் அளவு மிஞ்சினால் ஈஸ்ட்டும் துன்புறும் என்பதால் அங்கே நிறைக்கணக்கு முக்கியம். இவ்வளவுக்கும் மசியாமல் எஞ்சக்கூடியவை, வெளிச்சவ்வாகிய மதிலுடைய அசெட்டிக் பாக்டீரியாக்கள். காற்றின்றி அவை வாழா. ஆகவே அவற்றின் பொருட்டுத்தான் சீலைமண். துவர்ப்பால் ஆகாததை மண் செய்கிறது. நூலெழுதியவர்கள் பாக்டீரியாவை அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லித் தோள்தட்டிக்கொள்வோரிடம் எனக்கு அலுப்பே மிகுதி. புளித்துக் கெட்டுப்போன ஆயிரம் சாடிகளை யாரோ கொட்டிக் கவிழ்த்த பிறகு எஞ்சிய அநுபவம் அது. அதன் மதிப்பு அதனாலேயே குறைவதில்லை.

தாதகிப்பூவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். காட்டாத்தி என்றும் வழங்கும் அச்செடியின் செந்நிறப் பூ, புளிப்பை உண்டாக்குவதற்கென்றே சேர்க்கப்படுவதாக வைத்தியர்கள் கருதிவந்தார்கள். அதன் தேனிலும் இதழிலும் ஒட்டியுள்ள ஈஸ்ட்டே அரிஷ்டத்துக்கு விதை என்பது பலருடைய கொள்கை. அதே பூ துவர்ப்பின் பொக்கிஷமும் ஆகும். எல்லாஜிக் வகையைச் சார்ந்த உட்ஃபோர்டின்கள் என்ற பெரிய மூலக்கூறுகளை ஜப்பானிய ரசாயனிகள் அதிலிருந்து பிரித்திருக்கிறார்கள். ஆக, ஈஸ்ட்டைக் கையைப்பிடித்து அழைத்துவரும் அதே பூ, லாக்டிக் கூட்டத்தை வாசலில் நிறுத்தும் பொருளையும் உடன் கொண்டுவருகிறது. 1993இல் டச்சு, இலங்கை ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து வேம்பு அரிஷ்டத்தை ஆராய்ந்தபோது, புளிக்கும் நாட்களில் மருந்தின் வீரியம் ஏறுவதைக் கண்டார்கள். அதற்குக் காரணம் நுண்ணுயிர்களின் வேலையன்று, தாதகிப்பூவிலிருந்து கரைந்து வரும் பொருள்களே என்றும் காட்டினார்கள். புளிப்பை எழுப்புவதே தாதகிப்பூவின் வேலை என்று எண்ணியிருந்தவர்கள், மருந்தும் அதுவே என்று அறிந்து திகைக்க நேர்ந்தது.

பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் மலிந்திருந்த காலத்தில், கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, அதில் இரண்டு கிராம்பும் ஒரு துண்டுப் பட்டையும் இடுவார்களாம். வாசனைக்காக என்றுதான் அவர்கள் சொல்வார்கள். கிராம்பின் யூஜெனால் வாசனையோடு நின்றுவிடுவதில்லை என்பதை மேலே கண்டோம். ஆனால் இரண்டு கிராம்புக்கு ஒரு ஜாடியைக் காக்கும் வலிமை உண்டென்று நான் நம்பவில்லை. அந்த ஜாடியைக் காத்தது, திராட்சையின் சொந்தப் புளிப்பும், தோலின் துவர்ப்பும், வீட்டுக் கிழவியின் இறுகக் கட்டிய துணியும்தான்.

இன்று உலகத்து மதுச்சாலைகளில் பாக்டீரியாவை அடக்கும் பொதுக் கருவி கந்தக டை ஆக்ஸைடு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒவ்வாது. ஆகவே அதன் அளவைக் குறைக்க யூகலிப்டஸ் இலை, திராட்சை விதை, வாதுமைத் தோல் ஆகியவற்றின் சாரங்களை ஸ்பெயின் நாட்டார் சோதித்துவருகிறார்கள். யூகலிப்டஸ் சாரம் லாக்டிக் பாக்டீரியாக்களைத் திறமையாகத் தடுக்கிறதென்பது மெய்யே. எனினும் கந்தகம் ஈஸ்ட், பாக்டீரியா, காற்றின் கெடுதி என்ற மூன்றையும் ஒருங்கே கவனிக்கிறது. தாவரச் சாரமோ தன் நிறத்தையும் மணத்தையும் மதுவில் விட்டுச் செல்கிறது. நீலகிரித் தைலம் மணக்கும் திராட்சை மதுவை யார் விரும்புவார்கள்? கந்தகத்தின் பங்கைச் சற்றுக் குறைக்கலாம் என்பதே இப்பரிசோதனைகள் நியாயமாகத் தரும் முடிவு. அதன் இடத்தையே பிடித்துவிடலாம் என்று விளம்பரம் செய்வோர் பரிசோதனையைவிட வேகமாக ஓடுகிறார்கள்.

நம் பக்கத்தில் செய்யத்தக்க பரிசோதனை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரே பனையின் சாற்றை மூன்று கலயங்களில் இறக்கலாம்: ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் குங்கிலியப் பட்டை, ஒன்றில் எதுவுமில்லை. லாக்டிக், அசெட்டிக், ஸைமோமோனாஸ் ஆகிய மூன்று கூட்டங்களையும் மணிக்கு மணி எண்ணினால், பட்டை யாரை நிறுத்துகிறது, யாரை விடுகிறது என்பது இரண்டு நாளில் விளங்கிவிடும். சுண்ணாம்பின் கடுப்பில்லாத பதநீருக்கு அதுவே வழியாகவும் அமையலாம். ஆனால் இதற்கு ஒரு தடை உண்டு. அது ரசாயனத்தில் இல்லை. தாம்பரம் சானடோரியம் அரசாங்கத்தின் கைக்கு வந்த அதே 1937ஆம் ஆண்டின் அக்டோபரில் சேலம் ஜில்லாவில் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்குக்குப் பின்னர், சுண்ணாம்பு பூசிய கலயமே பதநீருக்கு அடையாளமாகிவிட்டது. 1987இல் மீண்டும் கள் தடைசெய்யப்பட்டு இன்றும் அத்தடை நீடிக்கிறது. வெள்ளை பூசாத கலயத்தைப் பனையில் காணும் அதிகாரி, அதனுள் கிடக்கும் பட்டைத் துண்டை எடுத்து முகர்ந்து பார்க்கமாட்டார். கள்ளென்றே எழுதிக்கொண்டு போவார்.